மற்றவை: இரண்டு வரிகளுக்குள்

டாக்டர் மேடம்,
நீங்கள் கொடுத்த தாளில் ஆறு கட்டங்கள்.
போட்டி, பயிற்சியாளர், குடும்பம், பணம், காயம்.
கடைசியில் 'மற்றவை', அதற்கு இரண்டு வரி இடம்.
பெரியமேடு ஸ்டேடியம் படிக்கட்டில் உட்கார்ந்து
தாளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன்.

முதலில் என் விளையாட்டு.
மாநிலப் பதக்கம் வாங்கிய பிறகும்
எங்கள் பிளாக்கில் யாருக்கும் அதன் பேர் தெரியாது.
வேகநடை. இருபது கிலோமீட்டர்.
ஓடக் கூடாது.
ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்,
முன்வைக்கும் கால் முட்டி மடங்கக் கூடாது.
பாதையோரம் நிற்கும் நடுவர்கள்
முகத்தைப் பார்ப்பதே இல்லை.
மூன்று சிவப்பு அட்டை, வெளியே.

நாலரை மணிக்கு நேப்பியர் பாலத்தில் தொடங்கி
கலங்கரை விளக்கம் தொட்டுத் திரும்புவேன்.
இடுப்பு ஆடும், இந்த நடைக்கு அது வேண்டும்.
பைக்கை மெதுவாக்கி ஒருவன் விசிலடிப்பான்.
அதைக் காயத்தில் போடுவதா
மற்றவையில் போடுவதா?

அதே நேரம் புளியந்தோப்பில் தண்ணி லாரி வந்திருக்கும்.
மூன்றாம் மாடி, பதினோரு குடம்.
நான் இல்லாத நாளில் அம்மா தூக்குகிறாள்.
பதினாலாவது கிலோமீட்டரில் என் தோள் இறுகுகிறது என்கிறீர்களே,
அது எந்தக் குடமோ.

தணிகைவேல் சார் திட்டினால் பரவாயில்லை.
போன மாதம் நேரம் நாற்பது விநாடி கூடியபோது
ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
'டீ குடிச்சியா?' என்று கேட்டார்.
அன்றிலிருந்து டீக்கடை பக்கம் போவதில்லை.

ரயில்வே கோட்டா வேலைக்கு வயது வரம்பு இன்னும் ஏழு மாதம்.
ஹர்ஷிணிக்குப் பதினெட்டு.
புது ஷூ, குதிகால் தேயவே இல்லை.
என்னைத் தாண்டும்போது 'சாரிக்கா' என்கிறாள்.
நல்ல பெண். அதுதான் கஷ்டம்,
வெறுக்கக்கூட வழியில்லை.

தேதியைக் கணக்குப் பார்த்தால்
தேர்வுப் போட்டி அன்று எனக்கு இரண்டாம் நாள்.
எங்கள் யூனிஃபார்ம் வெள்ளை.
அதைத் தேர்ந்தெடுத்த கமிட்டியில்
ஒரு பெண்ணாவது இருந்திருப்பாளா என்று
வயிறு வலிக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நீங்கள் கட்டிவிட்ட கடிகாரத்தை நானும் படித்தேன்.
படுத்திருக்கும்போது ஐம்பத்தெட்டு.
போட்டியின் உச்சத்தில் நூற்று எழுபத்தாறு.
'ரொம்ப நார்மல்' என்றீர்கள்.
செவ்வாய் இரவு ஒன்பது இருபதுக்கு
நான் பாயில் சும்மா கிடந்தபோது
நூற்றுப் பதினெட்டு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை.
போன் அடித்தது மேடம், அவ்வளவுதான்.
தம்பி ரூபன் எடுத்த வண்டிக் கடன்.
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
எடுப்பதற்குள் நின்றுவிட்டது,
ஆனால் கடிகாரம் எழுதிக்கொண்டது.

ஒரு கால் எப்போதும் தரையில்.
ட்ராக்கில் மட்டும்தான் இது விதி என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சாருக்குச் சொல்ல வேண்டாம்.
வியாழக்கிழமை பயிற்சி முடிந்து
கண்ணகி சிலை தாண்டி மணலில் இறங்கினேன்.
ஆள் இல்லை. ஒரு நாய், கவிழ்த்த ஒரு சுண்டல் வண்டி.
ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
அலை வரைக்கும் ஓடினேன்.
முட்டி மடங்க, இரண்டு காலும் காற்றில் தூக்க,
சின்னப் பிள்ளைபோல் கேவலமாக ஓடினேன்.
நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்துவிட்டு
சலித்துப்போய் நின்றுவிட்டது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கடிகாரத்தில்
நூற்று எழுபத்தொன்று என்று ஒரு முள் நிற்கும் பாருங்கள்.
தயவுசெய்து அதை
அழுத்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

கட்டம் எதையும் நிரப்பவில்லை.
உங்கள் பேனாவின் மூடி
என் பையில் எங்கோ விழுந்துவிட்டது,
நாளைக்குத் தேடித் தருகிறேன்.